கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் வணிகக் கடிதமும்



நம் கடைகளுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் வரும் வணிகவியல் மாணவர்களைப் பற்றி நம்மில் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பி.காம். முடித்திருக்கிறான், நாலு வரி கடிதம் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை" என்பதே அது. சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது இந்தப் பேச்சு வராத நாளே இல்லை. நான் பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். மதுரையில் பலசரக்கு மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறேன். ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாணவ மாணவியர் எங்கள் கடையில் ஒரு மாதம் பயிற்சி பெற்றுச் செல்கிறார்கள். அவர்களுக்கு எழுத்து வேலை சொல்லிக் கொடுத்ததில் நான் கண்டவை மற்ற கடைகளுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு மொழி தெரியவில்லை என்று நாம் சொல்வது முழு உண்மை அல்ல. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதித்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்து யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு விடை முன்பே தெரியும். மாணவன் ஒரு சொல்லை விட்டுவிட்டாலும் அவர் மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார். ஒரே செய்தியை மூன்று விதமாக நீட்டி எழுதினாலும் மதிப்பெண் குறையாது. கடையில் எழுதும் கடிதம் இதற்கு நேர் எதிர். படிக்கிற மில்காரருக்கோ, மண்டிக்காரருக்கோ நம் மனத்தில் இருப்பது எதுவும் தெரியாது. விட்டதை நிரப்பிக்கொள்ள மாட்டார். நிரப்பினால் தமக்கு வசதியாக நிரப்பிக்கொள்வார். நீட்டி எழுதினால் படிக்கவும் அவருக்கு நேரம் இல்லை. பதினைந்து ஆண்டுகள் ஒரு விதமாக எழுதிப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் வேறு விதமாக எழுதச் சொல்கிறோம். அப்படிச் சொல்கிறோம் என்பதைக்கூட அவனிடம் நாம் சொல்வதில்லை.

ஆகவே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே நான் சொல்லி விடுவது இது: "நீ எழுதியதைப் படித்தவர், திரும்ப நமக்குப் போன் போடாமல் சரக்கை ஏற்ற முடிந்தால் அது நல்ல கடிதம். போன் போட வேண்டி வந்தால் அது பாதிக் கடிதம். போனும் போடாமல் தவறான சரக்கை ஏற்றிவிட்டால் அதன் செலவு நம் தலையில்."

டின்னில் விடுபட்ட ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு கடையில் நடந்தது. அந்தக் கடை முதலாளி வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பையனிடம், "மில்லுக்கு எழுதிப் போடு, கடலை எண்ணெய் நூறு டின், பதினைஞ்சு" என்றார். பையனும் வாட்ஸ்அப்பில் "கடலை எண்ணெய் 15, 100 டின் உடனே அனுப்பவும்" என்று எழுதி அனுப்பினான். அந்தக் கடை வழக்கமாக வாங்குவது 15 கிலோ டின். மில்லில் அப்போதுதான் 15 லிட்டர் டின்னும் போட ஆரம்பித்திருந்தார்கள். வந்து இறங்கியது லிட்டர் டின்.

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். 15 லிட்டர் என்றால் 13 கிலோ 650 கிராம். ஒரு டின்னுக்கு 1 கிலோ 350 கிராம் குறைவு. நூறு டின்னுக்கு 135 கிலோ குறைவு. ஓட்டல்காரர்களுக்கு 15 கிலோ டின் என்று விலை பேசி முன்பணமும் வாங்கியாகிவிட்டது. முதலாளி பையனை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவன் தகப்பனார் எங்கள் பக்கத்தில் சுமை தூக்குகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் போய் அந்தச் செய்தியை வாங்கிப் பார்த்தேன். "கிலோ" என்ற சொல் இல்லை. விலையும் இல்லை, டின் விலையைக் குறித்திருந்தாலாவது மில்லில் விழித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலாளி வாயிலிருந்து வந்ததிலும் கிலோ இல்லை, விலையும் இல்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவருக்கு "பதினைஞ்சு" என்றால் கிலோதான். இருபத்தொரு வயதுப் பையனுக்கு அது வெறும் எண். நாம் அரைகுறையாகச் சொல்லிவிட்டு எழுத்து மட்டும் முழுமையாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் சமாதானம் ஆகவில்லை. பையன் இப்போது எங்கள் கடையில் கொள்முதல் பார்க்கிறான். எழுதும் முன் "அண்ணாச்சி, கிலோவா லிட்டரா, வரியோடா வரியில்லாமலா" என்று அவன் கேட்கும் கேள்விகளில் எனக்கே சில நேரம் சலிப்பு வருவதுண்டு. அந்தச் சலிப்பு மலிவானது.

ஆர்டர் எழுதும் முறை

மூட்டை, சிப்பம், டின், பெட்டி, டப்பா ஆகியவை கொள்கலத்தின் பெயர்களே தவிர அளவுகள் அல்ல. பருப்பு மூட்டை 50 கிலோவும் உண்டு, 30 கிலோவும் உண்டு, 100 கிலோவும் உண்டு. அரிசிச் சிப்பத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு வகைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே 26 கிலோ சிப்பம் சந்தைக்கு வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஆக, "அரிசி 40 சிப்பம்" என்று மட்டும் எழுதினால் எடை தெரியாது என்பதோடு வரி உண்டா இல்லையா என்பதும் தெரியாது. ஒரு கிலோ வித்தியாசத்தில் பில்லே மாறிவிடும்.

அடுத்து விலை. கிலோ 110 என்றால் எந்த இடத்து விலை? மில் வாசலிலா, நம் கடை வாசலிலா? லாரி வாடகை யார் பொறுப்பு? இறக்குகூலி யார் பொறுப்பு? சாக்கோடு சேர்த்த எடையா, நிகர எடையா? இவற்றைக் கேள்விகளாகப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். எழுதிய ஒரு மாதிரியைக் காட்டினால் பிடித்துக்கொள்கிறார்கள். நான் காட்டும் மாதிரி இது. விலை எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

"துவரம் பருப்பு, 04-08-2025 அன்று தாங்கள் அனுப்பிய மாதிரியின்படி. நிகர எடை 50 கிலோ மூட்டை 20. மொத்தம் 1,000 கிலோ. விலை கிலோ ரூ.110, எங்கள் கடை வந்து சேர; மொத்தம் ரூ.1,10,000. லாரி வாடகை தங்கள் பொறுப்பு. இறக்குகூலி எங்கள் பொறுப்பு. 12-08-2025 செவ்வாய்க்கிழமைக்குள் சரக்கு வந்து சேர வேண்டும். பணம், சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளில்."

இதில் "மேலான கவனத்திற்குக் கொண்டுவருவது யாதெனில்" இல்லை. "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. எண்ணிக்கையையும் எடையையும் எழுதிய பிறகு மொத்தத்தையும் எழுதுவதில் ஒரு காரணம் உண்டு. 20 என்பது தவறி 30 என்று விழுந்திருந்தால், மொத்தம் 1,000 கிலோ என்பதோடு பொருந்தாமல் படிக்கிறவர் கண்ணில் பட்டுவிடும். கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதுவதும் அதற்காகவே.

தேதி விஷயத்தில் நம் பழக்கங்கள் பிள்ளைகளைக் குழப்புகின்றன. "மாதக் கடைசியில் தருகிறேன்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அது ஆங்கில மாதக் கடைசியா, தமிழ் மாதக் கடைசியா? தை மாதக் கடைசி என்பது பிப்ரவரி நடுவில் வரும். "ஆடி கழியட்டும்" என்பார்கள். பேச்சில் இவை இருக்கட்டும். தாளில் ஏறும்போது தேதியாக மாறியே ஆக வேண்டும். "நாளை", "வரும் வாரம்", "அடுத்த வெள்ளி" என்று எழுதிய செய்தியை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

சரக்கின் பெயர்

ஊருக்கு ஊர் சரக்கின் பெயர் மாறும் என்பது கல்லூரியில் சொல்லித் தராத பாடம். "மல்லி" என்றால் பலசரக்குக் கடையில் கொத்தமல்லி விதை; பூச்சந்தையில் வேறு. "கடலை" என்று ஒரு பிள்ளை எழுதினால் நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவர் சோம்பு என்பதை இன்னொருவர் பெருஞ்சீரகம் என்பார். "பெருஞ்" என்பதை விட்டுவிட்டால் சீரகம் வந்து இறங்கும். இரண்டின் விலையும் வேறு, வாங்குகிறவரும் வேறு. சுருக்கி எழுதுவதில் இன்னும் ஆபத்து. "மிள. 5 மூட்டை" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். மிளகா, மிளகாயா? மிளகாய் என்றால் குண்டா, நீட்டா? மிளகு மூட்டை ஒன்றின் விலையில் மிளகாய் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன். அதன் பிறகு அவள் எந்தப் பெயரையும் சுருக்கவில்லை.

எழுத்துப் பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ல, ள, ழ குழப்பம் இன்று மிகுதி. "வெள்ளம் 10 மூட்டை" என்று எழுதி வருகிறது. லாரி டிரைவர்கூடச் சிரிக்கிறார். மஞ்சளை "மஞ்சல்" என்றும், உளுந்தை "உலுந்து" என்றும் எழுதுகிறார்கள். இது திருத்த வேண்டியதுதான். ஆனால் என் அனுபவத்தில், முதலாளிமார் எழுத்துப் பிழையைக் கண்டால் போடும் சத்தத்தில் பாதியைக்கூட, விடுபட்ட எண்ணுக்குப் போடுவதில்லை. வெள்ளம் என்று எழுதினாலும் வெல்லம்தான் வரும். கிலோ விடுபட்டால் 135 கிலோ எண்ணெய் வராது. எனவே முதல் வாரத்தில் எண், அளவு, தேதி மூன்றையும் மட்டுமே திருத்துகிறேன். எழுத்துப் பிழை இரண்டாம் வாரம். அதற்குக் கடையின் சரக்குப் பட்டியலையே பாடப் புத்தகமாகக் கொடுத்துவிடுவேன். அதில் உள்ள இருநூறு பெயர்களையும் ஒரு முறை கையால் எழுதிப் பார்த்தால் போதும். ஒருவர் பெயரிலும் முன்னெழுத்திலும் பிழை வந்தால் மட்டும் முதல் நாளே திருத்துவேன். ஏனென்றால் தம் பெயரைத் தவறாக எழுதிய கடிதத்தை யாரும் நல்ல மனத்தோடு படிப்பதில்லை.

எண்களில் உள்ள ஒழுங்கு

ஜி.எஸ்.டி. பதிவு எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அந்த வியாபாரியின் பான் எண். பான் எண்ணில் முதல் ஐந்து இடமும் எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. இந்த ஒழுங்கு தெரிந்த பிள்ளை, பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைப் போடமாட்டான். எந்த இடத்தில் எழுத்து வரும், எந்த இடத்தில் எண் வரும் என்பது அவனுக்குத் தெரியும். பதிவு எண் தவறாகிப் பில் வேறொருவர் கணக்கில் ஏறிவிட்டால் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. அவர் நமக்குத் தர வேண்டிய பணத்தில் கை வைப்பார்.

வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு 11 இலக்கம். முதல் நான்கும் எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். இதிலும் 'ஓ' போடுகிறார்கள். வங்கிக் கணக்கு எண்ணை மனப்பாடமாக எழுதவே கூடாது என்பது எங்கள் கடை விதி. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்தே வரவு வைக்கப்படுகிறது. பெயர் சரியாக இருப்பதால் மட்டும் பணம் சரியான இடத்துக்குப் போய்விடாது. 2025 ஏப்ரல் முதல், அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி செய்திருக்கிறது. பிள்ளைகள் அதைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவது பழைய வழக்கம் மட்டும் அல்ல. மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே தொகை. நடைமுறையில் அப்படிப்பட்ட காசோலையை வங்கி பெரும்பாலும் திருப்பிவிடும். அடித்துத் திருத்தியதும் செல்லாது. எனவே நிதானமாக எழுத வேண்டிய தாள் அது.

பாக்கிக் கடிதம்

பிள்ளைகள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். ஒருவர் கெஞ்சுகிறார்: "தயவுகூர்ந்து எங்கள் கஷ்ட நிலையைக் கருதி..." என்று. இன்னொருவர் மிரட்டுகிறார்: "இதுவே கடைசி எச்சரிக்கை" என்று முதல் கடிதத்திலேயே எழுதுகிறார். இரண்டு கடிதத்திலும் எவ்வளவு பாக்கி என்பது இருக்காது! பாக்கிக்காரருக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். "கணக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று இன்னொரு மாதம் ஓட்டிவிடுவார்.

எங்கள் கடையில் எழுதுவது இப்படி:

"03-06-2025 அன்று தங்களுக்கு அனுப்பிய சரக்குக்கான எங்கள் பில் எண் 412, தொகை ரூ.86,400. இதில் 10-07-2025 அன்று வரவு ரூ.40,000. பாக்கி ரூ.46,400 (நாற்பத்தாறாயிரத்து நானூறு). பேசிய 30 நாள் தவணை 03-07-2025 அன்று முடிந்தது. பாக்கியை 25-08-2025க்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். கணக்கில் வேறுபாடு இருந்தால் அந்தத் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்."

கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பணம் கேட்பது நம் உரிமை; அதற்குக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. இதே ஆள் நாளை மீண்டும் நம்மிடம் சரக்கெடுக்க வருவார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன்.

சட்டத்திலும் இந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாளிலிருந்து; பேசவில்லை என்றால் சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து. அந்த மூன்று ஆண்டு முடியும் முன், பாக்கிக்காரர் பாக்கி உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆண்டு முடிவில், "31-03-2026 அன்று தங்களுக்கு நான் தர வேண்டிய பாக்கி ரூ.____ சரி" என்று ஒரே வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்கி வைப்பது எத்தனை பெரிய காரியம் என்பதை இதிலிருந்து அறியலாம். வாயால் "தருகிறேன் அண்ணாச்சி" என்று முப்பது தடவை சொன்னாலும் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

காசோலை திரும்பினால் அனுப்பும் அறிவிப்பை வக்கீல்தான் எழுதுவார். ஆனால் அவருக்குத் தகவல் எழுதிக் கொடுப்பது நம் கடைப் பிள்ளை. வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த பிறகு பணம் தர எதிராளிக்கு 15 நாள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லுகிறேன். காசோலையின் தொகை 1 கோடி ரூபாய். அறிவிப்பில் 2 கோடி என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று சொல்லிப் பார்த்தார்கள். காசோலையில் உள்ள தொகையைத்தான் அறிவிப்பில் கேட்க வேண்டும், தட்டச்சுப் பிழை என்பது சமாதானம் ஆகாது, அந்த அறிவிப்பு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே ஓர் எண். "ஓர் எண்தானே சார்" என்று சொல்லும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

சரக்கு சேதமானால் எழுதுவதற்கும் கால அளவு உண்டு. லாரியில் வந்த மூட்டை நனைந்தோ கிழிந்தோ இருந்தால், இறக்கும்போதே லாரி ரசீதில் எத்தனை மூட்டை, என்ன சேதம், எடை எவ்வளவு குறைவு என்று எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "சரக்கு சரியில்லை" என்று எழுதினால் பயன் இல்லை. "20 மூட்டையில் 3 நனைந்துள்ளது, அவற்றின் எடை 141 கிலோ, 9 கிலோ குறைவு" என்று எழுத வேண்டும். லாரி கம்பெனி மீது வழக்குப் போக நேர்ந்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

பழக்கும் விதம்

திட்டித் திருத்துவதில் பயன் இல்லை என்பது நான் கண்டது. அதிலும் வாடிக்கையாளர் முன்னால் திட்டினால் அந்தப் பிள்ளை அதன் பிறகு கேள்வியே கேட்காது. கேள்வி கேட்காத பிள்ளைதான் தவறு செய்யும்.

நான் செய்வது எளிய காரியம். ஒருவர் எழுதிய ஆர்டரை இன்னொருவரிடம் கொடுத்து, "நீதான் மில்காரர். இதை வைத்துச் சரக்கை ஏற்று. எழுதினவரிடம் வாயால் எதுவும் கேட்கக் கூடாது; கேட்க வேண்டியதைச் சீட்டில் எழுது" என்று சொல்லுவேன். முதல் வாரம் ஓர் ஆர்டருக்கு ஏழெட்டுக் கேள்விகள் சீட்டில் வரும். மூன்றாம் வாரம் ஒன்று வரும், அல்லது வராது. நான் திருத்தினால் "முதலாளி குறை சொல்லுகிறார்" என்று நினைக்கும் பிள்ளை, சக மாணவர் கேட்கும் கேள்வியை வருத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. பணம் சம்பந்தப்பட்ட கடிதம் என்றால் எழுதிய பிறகு பத்து நிமிடம் வேறு வேலை பார்த்துவிட்டு, வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின்பே அனுப்ப வேண்டும்.

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் வேண்டாத சொல் தானாக உதிர்ந்தது. 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இன்று எத்தனை சொல் எழுதினாலும் காசு இல்லை, எழுதாமல் வாயால் பேசி அனுப்பவும் காசு இல்லை. குரல் செய்தி அனுப்புவதை நான் தடுப்பதில்லை. லாரியில் இருக்கிறவருக்கு அதுவே வசதி. ஆனால் குரலில் சொன்னதை ஒரு வரி எழுத்திலும் அனுப்ப வேண்டும். குரலில் "அறுபது", "எழுபது" இரண்டும் சந்தை இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும்.

இப்போது சில பிள்ளைகள் செல்போனில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுக் கடிதம் எழுதுகிறார்கள். பிழையில்லாத மொழியில்தான் வருகிறது. ஆனால் பேசிய விலையும் தவணையும் அதற்கு எப்படித் தெரியும்? ஒரு மாணவன் கொண்டுவந்த கடிதம் ஒரு பக்கம் அழகாக இருந்தது. பாக்கித் தொகை வர வேண்டிய இடத்தில் "தொகையை இங்கே குறிப்பிடவும்" என்று அப்படியே இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண், அளவு, தேதி மூன்றையும் முதலில் தன் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு அதனிடம் போகட்டும்.

அனுப்பியவற்றைச் சேர்த்து வைப்பதும் எழுத்து வேலையைச் சேர்ந்ததே. செல்போன் மாறும்போது பழைய செய்திகள் போய்விடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் மின்னணுப் பதிவுகள் சாட்சியமாகும். ஆனால் அதற்கு உரிய சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும், அதற்குப் பதிவு நம்மிடம் இருக்க வேண்டும். நாங்கள் ஆர்டர், விலை உறுதி, பாக்கி ஆகிய மூன்று வகைச் செய்திகளை வாரம் ஒரு முறை அச்செடுத்து, கடைவாரியாகக் கோப்பில் சேர்க்கிறோம். சனிக்கிழமை மாலையில் ஒரு மாணவிக்கு அரை மணி நேர வேலை.

குண்டூருக்கும் குஜராத்துக்கும் எழுதும் ஆங்கிலக் கடிதங்கள் தனிக் கதை. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடிக்காத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று எழுதாமல், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்றால் உஞ்சாவில் இருக்கும் சீரக வியாபாரி என்ன செய்வார்? இதழில் இடம் கிடைத்தால் அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.